கடலுக்குள் போகும் கைப்பிடி

…கைப்பிடியை அறுத்துவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது, வெறும் சரிவுப்பாதை, மணலோடு முடிந்துவிடும், கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தும்போதே தெரிந்தது, வெல்டர் கீழே முட்டி போட்டிருந்தார், கடல் உள்வாங்கியிருந்த நேரம், கைப்பிடியின் கடைசிப் பகுதி பாசியும் துருவுமாக வெளியே நின்றது. பக்கத்தில் குடையோடு கவுன்சிலரம்மா. பதவி போய் வருடங்களாகியும் ஊருக்கு அவர் கவுன்சிலரம்மாதான். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கடலைத் தொடட்டும் என்று நகராட்சியில் ஒற்றைக்காலில் நின்று இந்தப் பாதையை வாங்கினவர்… அளவெடுத்தவர்கள் இதுபோல் கடல் உள்வாங்கிய நேரத்தில் அளந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறியதும் கைப்பிடி பாதி கடலுக்குள், ஊர் சும்மா விடுமா, மீனுக்குக் கைப்பிடி போட்ட மகராசி என்று பெயர் வைத்தது. அந்தப் பாதியில்தான் என் மனைவி நின்றாள். தரையில் நிற்காத கால்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன, பாதி எடையைக் கடல் வாங்கிக்கொள்ளும், மீதிக்கு இந்தக் கம்பி… நீங்க அங்கேயே நில்லுங்க என்பாள், தண்ணீர் விளிம்பில் இறங்கிக் கம்பியைப் பிடித்தே உள்ளே போவாள், நான் காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன்.

அறுக்கச் சொன்னது நீங்களாம்மா, என்றேன். நான்தான் தம்பி, துருப்பிடிச்சுக் கிடக்கு, நான் போறதுக்குள்ள இந்தக் கேலியாவது போகட்டுமே. வெல்டர் தலை நிமிராமல், மீனுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டீங்களாம்மா, என்றார். வாயை மூடிட்டு வேலையைப் பாருய்யா. வேண்டாம்மா, என்றேன், என் மனைவி இதைப் பிடிச்சுத்தான் நிப்பா. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் முழு வாக்கியமாகப் பதில் சொன்னவன், இங்கே ஏன் குரல் இப்படி… மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு வருமே, அந்தப் பொண்ணா? இப்பல்லாம் காணோமே? இல்லம்மா, என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துவிட்டது அவருக்கு. குடையை என் பக்கம் சாய்த்தார், பிறகு வெல்டரிடம், தீயை அணைச்சுடுய்யா, சுரண்டிப் பெயின்ட் அடிச்சாத் தாங்குமா? தாங்கும்மா. தேங்க்ஸ்ம்மா, என்றேன். நல்லா இருக்கு போ, செஞ்ச தப்புக்கு முதல்முதலா நீதான் தேங்க்ஸ் சொல்ற, என்று சிரித்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது, முழங்கால், தொடை, கடைசித் தூண்… இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை. படுக்கையில், குளியலறையில், மாடிப்படியில் என்று நாள் முழுக்க யாராவது அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தோம், பெரும்பாலும் நான். இங்கே மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கடைசிவரை தராத ஒரு சிரிப்பை இங்கே நின்று கடலுக்குத் தந்திருப்பாளோ, முதுகுதானே தெரியும் எனக்கு… இருக்கட்டும், தந்திருந்தால் நல்லது. திரும்பிப் பார்த்தேன், அவள் திரும்பியிருந்தால் கரையில் நான் தெரிந்திருக்கக்கூடிய இடம், எவ்வளவு பக்கம் அது.