பதினாறாவது டேக்

ஹாம்பர்க் ஸ்டுடியோவில் எகோன் ப்ராண்டெலுக்கு அன்று காலை யாரும் வணக்கம் சொல்லவில்லை. படப்பிடிப்பு தொடங்கி ஒன்பது நாளும் அப்படித்தான்.

ஒருகாலத்தில் பெர்லின் மேடையில் கொடிகட்டிப் பறந்த நடிகன் அவன். மனைவி எடித் யூதப் பெண் என்பதற்காக 1933-இல் நாஜிகள் நாடகச் சுவரொட்டியிலிருந்து அவன் பெயரைக் கிழித்தார்கள். லண்டனுக்கு ஓடினான். அவனுடைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அங்கே நடித்துப் பிழைக்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் நின்று தொழில் கற்று இயக்குநரானான். பதினெட்டு வருடம் கழித்து, சொந்த மொழியில் முதல் படம் எடுக்க வந்திருக்கிறான்.

கதாநாயகன் லோதர் குவாஸ்ட். எகோன் ஓடியபோது அவன் விட்டுப்போன வேஷத்தை மறுநாளே கட்டிக்கொண்டவன். அதற்கு முன் இருவரும் ஒரே அறையில் தங்கிய சிநேகிதர்கள்.

அன்றைய காட்சி, தான் காட்டிக்கொடுத்த நண்பனிடம் நாயகன் மன்னிப்புக் கேட்பது. கேமராவில் குவாஸ்ட்டின் முகம் மட்டும்தான் தெரியும். அவன் பார்த்துப் பேசுவதற்காக நண்பனின் இடத்தில் எகோனே போய் நின்றான்.

"மன்னிச்சிடு" என்றான் குவாஸ்ட், கடையில் உப்பு கேட்பதுபோல.

பதினைந்து டேக்கும் அதே உப்புதான்.

"வேணும்னே பண்றீங்களா?" என்றான் எகோன்.

"நீங்க சொன்னதைத்தானே சொல்றேன், டைரக்டரய்யா."

விளக்குக்காரன் ஹின்னெர்க் மேலே பலகையிலிருந்து சிரித்தான். "யுத்தத்துல இந்த ஊர் தலையில குண்டு விழுந்தப்ப லண்டன்ல டீ குடிச்சிட்டிருந்தவருக்கு நாம மன்னிப்பு கேக்கணுமாம்."

எகோன் நிமிர்ந்து பார்த்தான். "லண்டன்லயும் விழுந்துச்சு. உங்க ஆளுங்க போட்டதுதான்."

ஹின்னெர்க் விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எகோன் திரைக்கதையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கீழே போட்டான். "மன்னிப்பு வேணாம். என்னைப் பாத்தா என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. கேமரா ஓடட்டும்."

குவாஸ்ட் கீழே கிடந்த தாளைப் பார்த்தான், பிறகு எகோனை. பேசியபோது மரியாதை போயிருந்தது.

"ஏன்டா திரும்பி வந்தே? உன்னை யாரு கூப்பிட்டா? நீ போனப்புறம் நான் உன்னை நினைச்சதே இல்ல. நிம்மதியா இருந்தேன். இப்ப தினமும் உன் மூஞ்சில முழிக்க வேண்டியிருக்கு."

எகோன் கேமரா பக்கம் கையை உயர்த்தினான்.

"கட். இது படத்துல இருக்கும்."

"அதைப் படத்துலேர்ந்து தூக்கிடுங்க" என்றான் குவாஸ்ட்.

"முடியாது. நீ நடிச்சதுலயே நல்ல டேக் இது."

படம் வெளியான அன்று எகோனும் எடித்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சி வந்தது. "ஏன்டா திரும்பி வந்தே?" என்று திரையில் குவாஸ்ட் கேட்டதும் அரங்கில் ஒருவர் கைதட்டினார். பிறகு ஒரு வரிசை. பிறகு பாதி அரங்கம்.

காட்டிக்கொடுத்தவனின் வாயில் வைத்த வசனம் அது. அவர்கள் அதைத் தங்கள் வசனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எடித் அவன் சட்டைக்கையைப் பிடித்தாள். "போயிடலாம் எகோன். இந்த ஊரே வேணாம்."

"படம் முடியட்டும்" என்றான்.

மறுநாள் தயாரிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். படம் நன்றாக ஓடும் என்ற சந்தோஷத்தில் இருந்தார். "அடுத்ததுக்கும் நீங்கதான். ஆனா ஹீரோ குவாஸ்ட். ஒத்துக்கறீங்களா?"

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"உங்களைப் பிடிக்கவே பிடிக்காதாம். ஆனா வரேன்னான்."

"எனக்கும் அப்படித்தான்" என்றபடி எகோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.