கறுப்பு ஜன்னலில் பானுப்ரியாவின் பெயர்

கோபியின் கணினித் திரை எப்போதும் இரண்டாகப் பிளந்தே இருக்கும். மேல் பாதியில் நிரல் எழுதுவான். கீழே கறுப்புப் பாதியில் கட்டளை தட்டுவான், உடனே பதில் வரும். விழுப்புரத்திலுள்ள அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குத் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் பானுப்ரியாவுக்கு அந்தக் கறுப்புப் பாதியைக் கண்டாலே ஆகாது. ஒளிவுமறைவு இல்லாதவனுக்கு எதற்கு இன்னொரு இருட்டு ஜன்னல்?

விவசாயிகள் விலை பார்க்கும் செயலிக்குப் பயிர்ப் பெயர்களை ஏற்றுவது அவள் வேலை. கொடுத்த பட்டியலில் நிலக்கடலை, கேழ்வரகு என்றிருந்தது. எங்கள் பக்கம் எவன் அப்படிப் பேசுகிறான் என்று, யாரையும் கேட்காமல் மல்லாட்டை, கேப்பை என்று போட்டுவிட்டாள். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முதலாளி அரங்கநாதன் இன்று மூன்று மணிக்குச் சொல்லப்போகிறார்.

மதியம் அவன் திரையை எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. மேலே அவளுடைய பட்டியல். கீழே கோபி ஆங்கிலத்தில் 'பிளேம்' என்று தட்டினான். மல்லாட்டைக்கு நேரே அவள் பெயர், கேப்பைக்கு நேரேயும் அவள் பெயர். பிளேம் என்றால் பழி என்பது அவளுக்கும் தெரியும்.

"இன்னா தம்பி பண்ணிக்கினு இருக்கே?"

"சும்மாக்கா. சார்கிட்ட காட்டணும்."

போட்டுக்கொடுக்கப் போகிறான்! வாய்க்கு வாய் அக்கா வேறு! அவன் டீ குடிக்கப் போனதும் தன் இடத்துக்கு ஓடி, நிலக்கடலை, கேழ்வரகு என்று மாற்றி ஏற்றினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

மூன்று மணிக்கு அரங்கநாதன் வந்து நின்றார். கோபி செயலியில் மல்லாட்டை என்று தேடினான். ஒன்றும் வரவில்லை.

"இன்னாப்பா, நம்ம ஜனங்க பேசற பேரே வருதுன்னு சொன்னே?"

"காலைல வந்துச்சு சார். எந்த வரிய யாரு எழுதுனதுன்னு இது காட்டிடும்" என்று கோபி கறுப்பு ஜன்னலில் மறுபடி அதே சொல்லைத் தட்டத் தொடங்கினான்.

அவன் தன் பெயரைத் தேடியது பழி போட அல்ல என்று பானுப்ரியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நான்தான் சார் மாத்துனேன். என்னைப் போட்டுக் குடுக்கறான்னு பயந்துட்டேன்."

அரங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரு பேச்சு தெரிஞ்சவங்க, பர்மனென்ட் பண்ணுங்கன்னு மூணு நாளா என் உசுர வாங்கிக்கினு இருக்கறதே இவன்தாம்மா! நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது. கோபி திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு ஜன்னலில் இரண்டு வரி தட்டிப் மல்லாட்டை, கேப்பை இருந்த பட்டியலை மீட்டான்.

"வந்துடுச்சு" என்றான். "நீங்களும் ஒரு வாட்டி பார்த்துடுங்க, மேடம்."