ஞாயிற்றுக்கிழமைக் கடல்

சனிக்கிழமை மீன்பிடிக்கப் போன ஹவிலி இருட்டியும் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் அவன் மனைவி செய்னி கொழுந்தன் கெப்புவின் வீட்டுக்கு ஓடினாள். அந்த டோங்கா தீவில் மோட்டார் படகு வைத்திருந்த இன்னொருவன் அவன்தான். சர்ச்சுக்குக் கிளம்பி, ஊர் வழக்கப்படி வேட்டிக்கு மேல் இடுப்பில் கோரைப்பாய் சுற்றிக்கொண்டிருந்தான்.

"படகை எடு, கெப்பு."

"ஞாயித்துக்கிழமையா? அண்ணி, அண்ணன் இன்னைக்கு முகத்துல சவரக்கத்திகூட வைக்க மாட்டாரு. படகையா ஓட்டிட்டு வருவாரு? பொழுது சாய்ஞ்சதும் மணல்திட்டுல ஒதுங்கியிருப்பாரு. நான் இன்னைக்குத் தேடிப் போனா, ஓய்வுநாளைக் கெடுத்தியாடான்னு என்னைத்தான் உதைப்பாரு."

செய்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹவிலி அப்படித்தான். ஒரு ஞாயிறு கூரைத் தகடு காற்றில் பிய்ந்துபோக, திங்கள்வரை ஆணி அடிக்காமல் நனைந்துகொண்டே இருந்தவன். கெப்பு சொன்னதை நம்புவது சுலபமாக இருந்தது. அவளுக்கு நம்பவும் ஆசையாக இருந்தது. வீட்டுக்குப் போய், ஓய்வுநாளிலும் விலக்கில்லாத ஞாயிறு விருந்துக்குக் குழியடுப்பு மூட்டினாள். அவன் பங்கை எடுத்துவைத்தாள். சர்ச்சில் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.

திங்கள் விடியலில் கெப்பு போனான். மணல்திட்டில் யாரும் இல்லை. தீவின் முனைக்கு அப்பால் பவளப்பாறையில் படகு கவிழ்ந்து கிடந்தது. ஹவிலி கயிற்றால் தன்னை அதோடு கட்டிக்கொண்டிருந்தான். உடம்பு இன்னும் விறைக்கவில்லை. ஞாயிறு முழுக்க உயிரோடு இருந்திருக்கிறான்.

அதைக் கெப்பு அவளிடம் மட்டும் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டாரு, தாயி," என்றார் சபை மூப்பர். செய்னி தலையாட்டினாள். கடவுள் இல்லை என்று நினைத்துப் பார்த்தாள். அப்படியானால் ஹவிலியைச் சாகவிட்டது கெப்புவும் அவளும்தான். வேறு யாருமில்லை. உண்டு என்றால், பகலெல்லாம் அவன் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர் ஒருவர் இருக்கிறார். இதில் எதைப் பிடித்துக்கொண்டு பிழைப்பது? அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஊர் கூடி அவன் தலைமாட்டில் பாடத் தொடங்கியது. செய்னி கெப்புவின் கையைப் பிடித்தாள்.

"நேத்து நாம பாடினது அந்தப் பாறை வரைக்கும் கேட்டிருக்குமா?"

கெப்பு தரையைப் பார்த்தான்.

"காத்து அந்தப் பக்கமாத்தான் அடிச்சுது, அண்ணி."

பாட்டு ஏறிக்கொண்டே போயிற்று. செய்னி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.