தண்ணீர் தொடாத பெண்கள்

வயிற்றிலேயே குழந்தையை இழந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியைத் தண்ணீர் நனைப்பதை நிறுத்திக்கொண்டது. தலையில் ஊற்றியது உடம்பிலிருந்து ஒரு விரல் தள்ளியே வழிந்து போனது. மழையில் நடந்தால் முக்காடு நனைந்து கனத்தது. உள்ளே அவள் காய்ந்திருந்தாள். பஸ் ஓட்டும் கணவன் சோப்பை மாற்றிப் பார்த்தான், பிறகு பிளம்பரைக் கூப்பிட்டான். குழாயில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு அவர் போனார். கணவன் மட்டும் எப்போதும்போல நனைந்தான். அது துரோகம்போல் இருந்ததால் அவள் கண்ணில் படாமல் குளித்துவிட்டு வந்தான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், பொறுமையாக இரு, சபூர் செய் என்று சொன்னார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கடையில் லென்ஸைப் பொருத்திய கைகள் யாருடையவையோ போல இருந்தன.

இரத்தப்போக்கு நின்று தொழுகை மீண்டும் கடமையானபோதுதான் சிக்கல். தண்ணீர் படாமல், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவை எப்படிச் செய்வது? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "தண்ணி மேல படலேன்னா சுத்தமான மண்ணால தயம்மும் செஞ்சுக்கோங்கம்மா. மார்க்கத்துல வழியிருக்கு," என்றார்.

மண்ணுக்காக நர்சரிக்குப் போனாள். அங்கே செடி விற்கும் பெண், எந்தச் செடிக்கு என்று கேட்டாள்.

"செடிக்கில்லக்கா. தொழறதுக்கு."

நர்சரிக்காரி தன் கையை ஹோஸ் பைப்பின் கீழே நீட்டிக் காட்டினாள். கை காய்ந்தே இருந்தது. "அவரு தலாக் சொன்ன நாள்லேர்ந்து இப்படித்தான். எனக்கு மட்டும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அன்று இருவரும் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே மாலைத் தொழுகையான அஸர் தொழுதார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, மகன் ஜெயிலில் இருக்கும் டீச்சர் வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் செடி வாங்க வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போனது. எனவே பள்ளிவாசல் மாடியில், உடைந்த மின்விசிறிகள் கிடந்த அறையைக் கேட்டார்கள். அங்கே என்ன செய்வீர்கள் என்று ஜமாஅத் தலைவர் விசாரித்தார்.

"ஓதுவோம், பேசுவோம்," என்றாள் நர்சரிக்காரி.

"என்ன பேசுவீங்க?"

"அது தெரிஞ்சிருந்தா வீட்டுலயே பேசியிருப்போமே."

தலைவரின் மனைவியும் பல வருடங்களாக நனையாமல்தான் இருந்தாள். அதை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சாவியை மட்டும் கொடுத்தார்.

அந்த அறையில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: யாராவது யாரையாவது சபூர் செய்யச் சொன்னால், கீழே போய்ச் செருப்புகளைக் காவல் காக்க வேண்டும். ஆரம்பத்தில் செருப்புகள் மிகவும் பத்திரமாக இருந்தன. ஓதி முடித்ததும் ஒருத்தி பேசுவாள், மற்றவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி நெடுநாள் வாயே திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ரிப்பேர் செய்து மாட்டிய ஃபேனின் சத்தத்துக்கு நடுவே, மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நர்சரிக்காரி கையேந்தி அந்தப் பெயரைச் சொல்லி துஆ கேட்டாள், எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். அதனால் கடைக்காரி நனைந்துவிடவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பசிக்கிறது என்றாள். கணவன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அதன் முன்னால் நின்று தேம்பினான்.

பிறகு பல வருடங்கள் போயின. டீச்சர் ஒரு சாரலில் தொப்பலாக நனைந்து, சளிப் பிடித்துவிட்டதென்று எல்லோரையும் திட்டினார். வேறு சிலரும் நனைந்தார்கள், சிலர் நனையவில்லை, இரண்டு வகையினரும் தொடர்ந்து வந்தார்கள். பள்ளிவாசலைப் பெரிதாகக் கட்டியபோது பெண்கள் பகுதியில் குழாய் வரிசைக்குப் பக்கத்தில் மண் தொட்டி ஒன்றையும் கட்டினார்கள். வெளியூரிலிருந்து பார்வையிட வந்த இன்ஜினியர், இது எதற்கு என்று காவலாளியிடம் கேட்டார்.

"நனையாதவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு, டேங்க் நிரம்பியதால் அவர் மோட்டாரை நிறுத்தப் போனார்.