பதின்மூன்று பொட்டு

நேபாளத்தில், தன்சேன் ஊர் மேட்டில் இருக்கும் பல்கலைக்கழக ஆற்றல் நிறுவனத்தில் ஆராய்ச்சித் துறைகள் ஆறு. சூரிய ஒளி, பேட்டரி, சாண எரிவாயு, அடுப்பு, ஹைட்ரஜன் ஆகிய ஐந்துக்கும் நல்ல அறைகள், வருகிறவர்களுக்குக் காட்டப் பெரிய பெரிய படங்கள். ஆறாவது, மணல். அதற்கு இருந்ததெல்லாம் கீழே பம்பு இரையும் ஒரு கொட்டகையும் சஜனி தண்டுகாரும்தான்.

அந்த ஆறாவதைப் பட்டியலிலிருந்து எடுப்பதா என்று இன்று மூன்று மணிக்குக் கூட்டம். "சக்கரம் தாங்கினா துறை இருக்கும். இல்லேன்னா நீ பேட்டரிக்குப் போயிரு," என்று இயக்குநர் பௌடெல் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மழைக்காலத்தில் காளி கண்டகி ஆற்றில் வருவது தண்ணீரா மணலா என்று சொல்ல முடியாது. மின் நிலையத்து டர்பைன் சக்கரத்தை மூன்றே வருடத்தில் அது அரித்துத் தின்றுவிடும். சஜனி இறக்கையின் வளைவை மாற்றி, பதின்மூன்று இறக்கைகளோடு ஒரு சின்னச் சக்கரம் செய்திருந்தாள். அதன்மேல் மஞ்சள், நீலம், பச்சை, கடைசியாகச் சிவப்பு என்று நான்கு பூச்சு. மணல் தண்ணீரில் சுற்றவிட்டுத் திறந்தால், எவ்வளவு அரித்ததோ அவ்வளவு உள்நிறம் தெரியும். பழைய மாதிரிச் சக்கரத்தில் விளிம்பெல்லாம் மஞ்சள் தெரிந்தது.

புதுச் சக்கரத்தைச் சுற்றவிட்டிருந்த பம்பைப் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினார்கள். கொட்டகையின் ஃபிட்டர் பூர்ண பகதூர் திருகுகளைக் கழற்றினார். மூடி திறந்தது. விளிம்பெல்லாம் சிவப்பு. சந்தோஷத்தில் கத்த வாயெடுத்த சஜனி அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு இறக்கையின் நடுவிலும் ஒரு திட்டு, நான்கு பூச்சும் போய் வெறும் உலோகமாக மின்னியது.

"போச்சு," என்றார் பின்னால் நின்ற பௌடெல். "பேட்டரிக்காரங்க இங்க அவங்க மேஜை போட அளவெடுக்க வந்துட்டாங்க, வெளிய நிக்கிறாங்க."

சஜனிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண் அந்தத் திட்டுகளை விடவில்லை. பதின்மூன்றும் ஒரே அளவு. மணல் தின்றால் ஓரத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று வளையம் வளையமாகத் தெரிய வேண்டும். இங்கே நான்கு பூச்சும் சேர்ந்தே உரிந்திருந்தன. கட்டை விரலால் கீழிருந்து மேலே இழுத்த மாதிரி ஒரு வடிவம். எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நிமிர்ந்தாள். எதிரே பூர்ணாவின் நெற்றி. நேற்று விஸ்வகர்மா பூஜை, பொட்டின் கறை இன்னும் போகவில்லை.

"பூர்ணா அண்ணே, நேத்து காலைல எதுக்கெல்லாம் பூஜை போட்டீங்க?"

"பம்புக்கு. வெல்டிங் மிஷினுக்கு. சாரோட ஸ்கூட்டருக்கு."

"அப்புறம்?"

அவர் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். "புதுச் சக்கரம், தங்கச்சி. அதை மட்டும் விட்டா விஸ்வகர்மா கோவிச்சுக்க மாட்டாரா? இறக்கைக்கு ஒண்ணுன்னு வச்சேன். நீ பெயிண்ட் அடிக்க வர்றதுக்குள்ள துடைச்சும் விட்டுட்டேன். பாத்தா திட்டுவியே."

"எதுல குழைச்சீங்க?"

"செந்தூரம்தான். கடுகெண்ணெய்ல."

சஜனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எண்ணெய் மேல பெயிண்ட் நிக்குமா அண்ணே? சார், இது மணல் இல்ல. இவரோட கட்டை விரல்."

"கமிட்டி கிட்ட என்ன சொல்ல, சாமி குத்தம்னா?"

"இன்னொரு தடவை ஓட்டறேன்."

"பெயிண்ட் காய ஒரு ராத்திரி ஆகும். கூட்டம் மூணு மணிக்கு."

அவள் கைப்பையை மேஜையில் கவிழ்த்தாள். சீப்பு, பேருந்துச் சீட்டுகள், நடுவே ஒரு சிவப்பு நகப்பூச்சு. "இது அஞ்சு நிமிஷத்துல காயும். பெயிண்ட்டை விட மெலிசு. மணல் அங்க அடிச்சா மொதல்ல இதுதான் போகும். மணலையும் ரெண்டு பங்கா போடறேன், சரியா?"

பௌடெல் வாட்சைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

ஸ்பிரிட்டால் எண்ணெயை வழித்து, பதின்மூன்று இடத்திலும் நகப்பூச்சு இட்டாள். பம்பு உறுமியது. வேடிக்கை பார்க்க வந்த பேட்டரிக்காரர்கள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பூர்ணாவின் உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் சஜனி உட்காரவே இல்லை.

இரண்டரைக்கு மூடியைத் திறந்தார்கள். விளிம்பு சிவப்பு. நடுவே பதின்மூன்று பொட்டுகளும் வைத்தது வைத்தபடி பளபளத்தன. பௌடெல் ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. போனை எடுத்தார்.

"பட்டியல் டைப் பண்ணியாச்சா? மணலை எடுத்துட்டியா? திரும்பப் போடு. ஆறாவதா இல்லப்பா, மொதல்ல போடு."

சஜனி பூர்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு பேட்டரிக்காரன் விசில் அடித்தான். பூர்ணா மெல்ல நழுவிப் போய், மூலையிலிருந்த பூஜைத் தட்டோடு வந்து, சக்கரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினாள். "இனிமே சக்கரத்துக்கு வைக்கிறதெல்லாம் இங்க வைங்க அண்ணே."

எண்ணெய் வழிய வழிய, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், எதிரே பௌடெல் நெற்றியைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"சீக்கிரம் வைங்க. கூட்டத்துக்கு நேரமாச்சு."