ஆள் இருக்கும் கட்டடம்

எரிகிற விளக்கைப் பார்த்தால் போதும், சுவிட்ச் சாருக்குக் கை அரிக்கும். அந்த நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் மேனேஜர் அவர். கஞ்சன் என்று வாய் கூசாமல் யாரும் சொல்லிவிட முடியாது. சொந்தக் காசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். மின்சாரம் வீணானால் மட்டும் பெற்ற பிள்ளை கீழே விழுந்த மாதிரி பதறுவார். "ஆள் இல்லாத இடத்துக்கு வெளிச்சம் எதுக்கு?" என்று அவர் புலம்புவதை அதிகம் காதில் வாங்கியவர், கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிதான். ஒரே ஸ்கூட்டரில் வந்து, ஒரே டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுத் தின்று, ஒரே ஸ்கூட்டரில் திரும்பியே தலை நரைத்த ஜோடி.

அந்த ஸ்கூட்டருக்குத்தான் இப்போது ஆபத்து. மூன்று மாடிகளை வாடகைக்கு எடுத்திருந்த ஆடிட்டரம்மா, கட்டடத்துக்கு மின்சிக்கன ஸ்டார் வாங்காவிட்டால் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் இழுத்து மூடிவிடுவேன் என்றார் முதலாளி. பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு திசையில் வேலை தேட வேண்டியதுதான்.

சுவிட்ச் சார் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு வருட மின்கட்டண ரசீது கேட்பார்கள் என்று தெரியும். அந்த வருடம் முழுக்க, காலையில் பத்தரைக்கு முன்னால் எதுவும் ஓடவில்லை. மூன்றரைக்கு ஏசி நிற்கும், லிஃப்ட் நிற்கும். அப்போதும் அசையாதவர்களின் தலைக்கு மேல் விளக்கு அணையும். பாவம், கணக்கெழுதுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய், மிச்ச வேலையை வீட்டில் பார்த்தார்கள்.

ஸ்டார் கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். ரசீதுகளைப் புரட்டியவரின் கண் விரிந்தது.

"இவ்வளவு கம்மியா? எப்படி சார்?"

சாருக்குத் தலைகால் புரியவில்லை. "மூணரைக்கு மேல இங்க ஈ காக்கா இருக்காது மேடம். எல்லாரையும் கிளப்பி விட்டுருவேன்!"

"காலைல எப்பத் திறப்பீங்க?"

"பத்தரைக்கு!" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "அடடா. தினம் அஞ்சு மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள், இருபத்தஞ்சுதான் வருது. முப்பது மணி நேரமாவது ஆளுங்க புழங்கினாத்தான் இந்தக் கட்டடத்தை ரேட்டிங்குக்கே எடுத்துக்க முடியும் சார். இல்லேன்னா பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்கெல்லாம் ஸ்டார் குடுக்கணுமே! ஒரு வருஷம் ஒழுங்கா நடத்திட்டு மறுபடி வாங்க."

அவர் போனதும் சார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"நான்தான் கெடுத்தேன். இனிமே நீ எங்கயோ, நான் எங்கயோ."

அவர் இப்படி உடைந்து மனைவி பார்த்ததில்லை. ஆனாலும் வாய் மட்டும் வழக்கம்போல் வைதது. "ஒப்பாரி அப்புறம் வைக்கலாம். எழுந்திருங்க." மணிக்கட்டைப் பிடித்து ஆடிட்டரம்மாவிடம் இழுத்துப்போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

ஆடிட்டரம்மா கையிலிருந்த ஃபைலை ஒதுக்கி வைத்தார். "ஸ்டார் எங்க கிளையண்டுங்க கேக்கறது. ஒரு வருஷம் டைம் வாங்கிப் பாக்கறேன். எனக்கு வேண்டியது வேற. சாயங்காலம் ஆறு வரைக்கும் விளக்கு எரியுமா சார்?"

சார் வேகமாகத் தலையாட்டினார். "எரியும்மா."

"லிஃப்ட்?"

"ஓடும்மா."

"அப்ப இருக்கோம். நாங்க இருந்தாத்தானே உங்களுக்கும் ஸ்டார்?"

மறுநாள் சாயங்காலம் மூன்று மாடியிலும் விளக்கு எரிந்தது. சார் ரிசப்ஷனில் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மேலே கடைசி ஆள் இறங்கும் வரை இருவரும் காத்திருக்க வேண்டும். மனைவி டிபன் பாக்ஸைப் பையில் போட்டார். தன் வேலை முடிந்ததே என்று, பழக்க தோஷத்தில் மேஜைக்கு மேல் எரிந்த விளக்கை அணைக்கக் கை நீட்டினார்.

சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. இங்க ஆள் இருக்கு."