வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்து எடுத்த கதை அல்ல. ஓக்லாந்து வெஸ்ட்கேட்டில் ஒரு சிறுமி வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கு முடிந்து வெளியே வந்தால் என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டுச்சேலையோடு காரின் பொனற் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு முழுசிக்கொண்டு நின்றேன். வேட்டி கட்டிய ஒரு மனிதர் வந்தார். எழுபது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து பேனா எடுப்பார் என்று பார்த்தால், வோல்ற் அளக்கிற மீற்றரை எடுத்தார்! சடங்கு வீட்டுக்கு மீற்றரோடு வருகிற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"பதினொண்டு புள்ளி ஒன்பது," என்றார். "பிள்ளை, காரை ஓடாமல் விட்டுட்டு, கிழமைக்கு ஒருக்கா அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைச்சனீரோ?"

"ஓம். பற்றரி சாகாமல் இருக்கட்டும் எண்டு."

"அதாலைதான் செத்தது."

அவர் பெயர் இராசநாயகம். கார் திருத்துகிற உதவி வான் வந்துசேர எடுத்த முக்கால் மணி நேரத்தில் தன்னுடைய கதையைச் சொன்னார். முடிவுக்கு வரும் நேரம் பார்த்து எங்கேயோ ஒரு கார் ஹோர்ன் அடித்தது. "அந்தா, கூப்பிடுகினம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார். முடிவு இல்லையே என்று என்னைத் திட்டாதீர்கள். ஹோர்ன் அடித்தவரைத் திட்டுங்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "பாபடோயிட்டோய்ப் பகுதி மே மாதக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கராஜுக்குள் தனித்துவிடப்பட்ட அந்தக் கார்—"

வேண்டாம். ஓக்லாந்தில் குளிர் மே மாதம் தொடங்குவது சரிதான், ஆனால் அது நடுங்க வைக்கிற குளிர் அல்ல, ஈரம் பிடித்த குளிர். தவிரவும் பற்றரிக்குக் குளிர் எதிரி அல்ல. முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரி குளிரில் நிம்மதியாகத் தூங்கும். வெறுமையான பற்றரிதான் உறைந்து வெடிக்கும். (இதை எழுதும் வரைக்கும் எனக்கும் தெரியாது. இப்போது அறிவாளி மாதிரி எழுதுகிறேன்.)

இரண்டாவது முயற்சி: "ரதிதேவி நான்காவது தரம்தான் லைசன்ஸ் எடுத்தார்."

இது நிற்கும். ரதிதேவி இராசநாயகத்தின் மனைவி. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. விடியப் பஸ் ஓடத் தொடங்குமுன் வேலை தொடங்கிவிடும். இருபது வருடம் கணவர்தான் கொண்டுபோய் விட்டார். கண் பார்வை மங்கி அவருடைய லைசன்ஸ் பறிபோனதும், ஐம்பத்தைந்து வயதில் ரதிதேவி கார் ஓடப் பழகினார். அன்றிலிருந்து இராசநாயகம் அந்தக் காரில் பின் சீற்றில்தான் ஏறுவார். முன்னுக்கு, மனைவிக்குப் பக்கத்தில், ஒருநாளும் இருந்ததில்லை. வெட்கம். அவரே சொன்னார்.

3.

கனடாவில் மகள் சுகந்தினிக்குப் பிள்ளைப்பேறு. ரதிதேவி நாலு மாதம் போகவேண்டும்.

"நாலு மாசம் ஆர் ஓடுறது? வித்துப்போட்டுப் போம்," என்றார் இராசநாயகம்.

"நான் திரும்பி வந்து திறப்பைப் போட, முதல் திருப்பிலை ஸ்டார்ட் ஆனால் கார் நிக்கும். ஆகாட்டில் வில்லுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்," என்றார் ரதிதேவி.

பந்தயம் இதுதான்: திறப்பின், அதாவது சாவியின், ஒரே திருப்பு. போனால் கார் மட்டுமா போகும்? நாலு தரம் முயன்று பிடித்த அந்த வலப்பக்கச் சீற்றும் போய்விடும்.

ரதிதேவி விட்டேத்தியான ஆள் அல்ல. நேரே ஒனிஹங்காவில் பற்றரி விற்கிற செல்வராஜிடம் போனார். மதுரைக்காரர்.

"நாலு மாசம் சும்மா நிக்கப்போற வண்டியா? அப்போ தண்ணி ஊத்துற பேட்டரி வேணாம்மா. இந்த சீல் பண்ணது எடுத்துக்கோங்க, சார்ஜ் தானா இறங்குறது கம்மி. தேதி பாத்து வாங்குங்க. கடையில ஆறு மாசம் தூங்குன பேட்டரி யார் குடுத்தாலும் வாங்காதீங்க, நான் குடுத்தாலும்."

வாங்கிவந்த பற்றரியில் சந்தனப் பொட்டு வைத்தார். முழுச் சார்ஜ் ஏற்றினார். கறுப்பு வயரைக் கழற்றித் துணி சுற்றினார். பிறகு கணவருக்குப் பாடம் நடத்தினார். அமாவாசை விரதம் தவறாத மனிதர் அல்லவா, அதிலேயே முடிச்சுப் போட்டார்: "அமாவாசைக்கு அமாவாசை மீற்றரை வைச்சுப் பாருங்கோ. பன்னிரண்டு புள்ளி ஆறுக்கு மேலை நிண்டால் நல்லம். பன்னிரண்டு புள்ளி நாலுக்குக் கீழை போனால் சார்ஜரைப் போடுங்கோ. ஸ்டார்ட் மட்டும் பண்ணாதேங்கோ."

"ஓம் ஓம்," என்றார் இராசநாயகம். இந்த இரட்டை ஓமை நம்பியவர்கள் எங்கள் சனத்தில் யாரும் உருப்பட்டதில்லை.

4.

வைகாசி அமாவாசை: 12.7. கலண்டரில் குறித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, ஊதுபத்தியோடு கராஜுக்குப் போனார். (பற்றரிக்குப் பக்கத்தில் நெருப்புக் கொண்டுபோகாதீர்கள். கதையில் வருகிறது என்பதற்காகச் செய்துபார்க்க வேண்டாம்.) ஆறின கஞ்சி மாதிரிக் காரை அப்படியே வைப்பது அவருக்கு மனதுக்கு ஒப்பவில்லை. கறுப்பு வயரைப் பூட்டி, சக்கரத்துக்குத் தேசிக்காய் (எலுமிச்சைதான்) வைத்து, சரியாக இரண்டு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினார். ஐந்து நிமிடம். பிறகு நிற்பாட்டிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டார். கண்ணுக்குத் தெரியாத ஸ்குரூவோடு யார் மல்லுக்கட்டுவது என்று வயரைக் கழற்றவும் இல்லை. வெள்ளிக்கு வெள்ளி இதே பூசை.

ஆனி அமாவாசை: 12.5. ஆடி அமாவாசை: 12.2.

இந்த இடத்தில்தான் என் கதாநாயகன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சார்ஜரைக் கையில் எடுத்தார். பிறகு அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டார். "வயது போனதால் அவர் மறந்து—" என்று எழுதினேன். பொய், வெட்டிவிட்டேன். ஏன் வைத்தீர்கள் என்று நான் நேரிலேயே கேட்டேன்.

"வெல்லவேணும் எண்டு ஆசை வந்திட்டுது, பிள்ளை. நான் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் காணும்."

கேவலமான ஆசைதான். ஆனால் சொல்லிவிட்டாரே!

ஆனாலும் பூசையை விடவில்லை. இரண்டு வெள்ளி போயின. மூன்றாவது வெள்ளி இரண்டு மணிக்குத் திறப்பைத் திருப்பினார். டிக். டிக். அவ்வளவுதான். பந்தயத்தில் வென்ற மனிதர் கராஜ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் தேத்தண்ணி போடவில்லை.

அடுத்த நாள் பஸ் மாறி ஒனிஹங்காவுக்குப் போனார்.

"சார், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண எவ்வளவு கரண்ட் போகும் தெரியுமா? அதை அஞ்சு நிமிஷத்துல திருப்பி ஏத்த முடியாது. வாரா வாரம் எடுத்துட்டே இருந்திருக்கீங்க, போடவே இல்ல," என்றார் செல்வராஜ்.

"செத்திட்டுதோ?"

"சார்ஜ் போடுங்க. எடுத்து ஒருநாள் சும்மா விட்டு அளந்து பாருங்க. இல்லேன்னா இதே பேட்டரி புதுசு இருக்கு, மாத்திக் குடுத்துடறேன். அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

(ஒரு பிரதியில் இராசநாயகத்தைப் புதியதை வாங்க வைத்து, அவர் கையாலேயே சந்தனப் பொட்டும் வைக்க வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. கிழித்துப்போட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார் என்பதுதான் உண்மை.)

குசினி யன்னலால் வயர் இழுத்து, ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டார். ஒருநாள் ஆறவிட்டார். 12.4. பிழைத்ததும் இல்லை, செத்ததும் இல்லை. "ஸ்டார்ட் ஆகலாம், ஆகாமலும் போகலாம்," என்றார் செல்வராஜ் போனில். கறுப்பு வயரைக் கழற்றினார் இராசநாயகம். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கராஜுக்குள் கால் வைக்கவே இல்லை.

5.

செப்டெம்பர். ரதிதேவி டாக்சியால் இறங்கியதும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குப் போனார். வயரைத் தானே பூட்டினார். வலப்பக்கம் ஏறினார். இராசநாயகம் பின்கதவடியில் ஒரு கணம் நின்றுவிட்டு, முன்னுக்கு வந்து இடப்பக்கம் ஏறினார். ரதிதேவி திரும்பிப் பார்த்தார். திறப்பைப் போட்டார்.

"இஞ்சாரும், கொஞ்சம் பொறும்," என்று இராசநாயகம் திறப்பின் மேல் கையை வைத்தார். "நான் ஸ்டார்ட் பண்ணினனான். வெள்ளிக்கு வெள்ளி."

"பண்ணாதேங்கோ எண்டெல்லோ சொல்லிட்டுப் போனனான்!"

"ஓம்."

"பிறகு என்னத்துக்கு?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு நீர் வேலையாலை வாற சத்தம் அது. அதைக் கேட்டால்தான் எனக்குத் தேத்தண்ணி போட மனம் வரும்."

(இதை எனக்குச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பற்றரியைப் பார்த்துத்தான் சொன்னார்.)

"ஸ்டார்ட் ஆகாட்டிலும் விக்கிறேல்லை. நான் தோத்தன்," என்றார் இராசநாயகம்.

ரதிதேவி கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். "தோத்ததை நீங்களோ சொல்லுறது? பந்தயம் எண்டால் பந்தயம்தான். நான் வெண்டு எடுக்கிறன். கையை எடுங்கோ," என்று திறப்பைத் திருப்ப—

சடங்கு வீட்டு வாசலில் ஹோர்ன்.

6.

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருக்கிறேன். முதல் திருப்பிலேயே இரைந்தது. டிக் டிக் என்றது, ரதிதேவி சொன்ன சொல் தவறாமல் விற்கச் சொல்லிவிட்டார். டிக் டிக் என்றது, இராசநாயகம் வாக்குத் தவறாமல் புதுப் பற்றரிக்கு ஓடினார். எதை எடுப்பது என்பது உங்கள் பாடு, நான் மினக்கெட மாட்டேன்.

ஆனால் கண்டதை ஒளிக்கக் கூடாது. ஹோர்ன் அடித்த காரின் முகமும் ஓட்டியவர் முகமும் எனக்குத் தெரியவில்லை, என் பொனற் மறைத்துவிட்டது. அதற்குக் கீழால் தெரிந்தது ஒரு காரின் சக்கரமும் மடித்துக் கட்டிய வேட்டியும்தான். வேட்டி பின்கதவைத் தாண்டிப் போனது. இடப்பக்க முன்கதவு திறந்து மூடியது.